மகளின் புத்தகப் பையில் ஒரு நாவல்



சென்ற ஆண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஆராதனை முடிந்து, ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கு பிஸ்கட் பகிர்ந்து கொடுத்துக்கொண்டிருந்தேன். எங்கள் சபையைச் சேர்ந்த சகோதரி ஒருவர் செய்தித்தாளில் சுற்றிய ஒரு பொட்டலத்துடன் என்னிடம் வந்தார். தருமபுரிப் பக்கத்திலிருந்து பிழைப்புக்காகப் பெங்களூருக்கு வந்த குடும்பம். கணவருக்குக் கட்டட வேலை. அவருக்கு கார்மென்ட்ஸ் தொழிற்சாலையில் தையல் வேலை. ஒரே மகள், எட்டாம் வகுப்பு.

"பிரதர், இதைக் கொஞ்சம் பாருங்கள். பாப்பாவின் ஸ்கூல் பையில் இருந்தது. இராத்திரியில் போர்வைக்குள் வைத்துக்கொண்டு படிக்கிறாள். கேட்டால் அழுகிறாள். எனக்கு இங்கிலீஷ் தெரியாது. பக்கத்து வீட்டுத் தம்பி புரட்டிப் பார்த்துவிட்டு, ஆவி, மந்திர ராஜ்யம் என்று ஏதோ இருக்கிறது என்றான். எரித்துவிடலாமா என்று கேட்கத்தான் கொண்டுவந்தேன்."

உள்ளபடியே சொல்கிறேன்: அந்தக் கேள்வியைப் பல ஆண்டுகளுக்கு முன் கேட்டிருந்தால், "எரித்துவிடுங்கள் அம்மா" என்று சொல்லியிருப்பேன். அப்படிச் சொல்லியும் இருக்கிறேன். வாலிபர் கூட்டத்திற்கு வந்த ஒரு பையனின் கையில் ஆங்கில நாவல் ஒன்றைக் கண்டு, அதன் அட்டைப் படத்தை மட்டும் பார்த்து, வெளியே எறிந்துவிட்டு வரும்படி கட்டளையிட்டேன். அவன் கீழ்ப்படிந்தான். அதற்குப் பிறகு அவன் என்னிடம் எந்தப் புத்தகத்தையும் காட்டவில்லை. எந்தக் கேள்வியையும் கேட்கவில்லை. ஓரிரு ஆண்டுகளில் சபைக்கு வருவதும் நின்றுபோயிற்று. நாவல்தான் அவனைக் கெடுத்தது என்று அந்நாட்களில் மற்றவர்களிடம் சொன்னேன். இன்று அப்படிச் சொல்ல எனக்குத் துணிவில்லை.

ஆகவே சகோதரியிடம், "ஒரு வாரம் இது என்னிடம் இருக்கட்டும், படித்துவிட்டுச் சொல்கிறேன்" என்றேன். அன்று மாலையே வாசிக்கத் தொடங்கி, நள்ளிரவுக்குள் முடித்துவிட்டேன். கடைசி அத்தியாயங்களில் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க வேண்டியதாயிற்று.

மிஷனரி வீட்டில் பிறந்தவர்

புத்தகத்தின் பெயர் 'பிரிட்ஜ் டு டெரபித்தியா'. எழுதியவர் கேத்தரின் பேட்டர்சன். 1977-இல் அமெரிக்காவில் வெளிவந்து, மறு ஆண்டு அந்நாட்டுச் சிறுவர் இலக்கியத்தின் உயர்ந்த விருதாகிய நியூபெரி பதக்கத்தைப் பெற்ற நாவல்.

இந்த அம்மையார் யாரென்று அறிந்தபோது எனக்கு வெட்கமாயிருந்தது. அவர் 1932-இல் சீன தேசத்தில், பிரஸ்பிட்டேரியன் மிஷனரிப் பெற்றோருக்குப் பிறந்தவர். அவர் முதலில் பேசிய மொழி சீனம். ஜப்பானியப் படையெடுப்பின் காலத்தில் குடும்பம் சீனாவை விட்டு ஓட நேர்ந்தது. அமெரிக்கப் பள்ளியில் சேர்ந்தபோது, பிறர் தானமாய்க் கொடுத்த பழைய உடைகளையும், வேற்றூர் உச்சரிப்பையும் கண்டு உடன்படித்த பிள்ளைகள் கேலி செய்தார்கள். ஊர் விட்டு ஊர் வந்து, ஆங்கிலப் பள்ளியில் முதல் நாள் நின்ற நம் பிள்ளைகளுக்கு இது அந்நியமான அனுபவமா? வேதாகமக் கல்வியில் பட்டம் பெற்று, தாமும் மிஷனரியாக ஜப்பானுக்குச் சென்று நான்கு ஆண்டுகள் ஊழியம் செய்தார். 1962-இல் ஒரு போதகரை மணந்தார். போதகரின் மனைவியாக, நான்கு பிள்ளைகளை வளர்த்துக்கொண்டே எழுதியவர்.

அந்நாவல் பிறந்த விதமும் துயரமானது. 1974-இல் அவருடைய இளைய மகனின் நெருங்கிய தோழி, எட்டே வயதுச் சிறுமி, மின்னல் தாக்கி இறந்துபோனாள். மகனுக்கு எந்த ஆறுதலும் சொல்ல முடியாமல் தவித்த தாய், தனக்கே அது விளங்கும்படி ஒரு கதையாக எழுதத் தொடங்கினார். அந்த மகன் வளர்ந்து, 2007-இல் அக்கதை திரைப்படமானபோது அதன் திரைக்கதையை எழுதியவர்களில் ஒருவரானார்.

இத்தகைய ஒருவரின் புத்தகத்தைத்தான் அமெரிக்காவில் அநேக பெற்றோர்கள், அவர்களில் நம்மைப்போன்ற விசுவாசிகளும் உண்டு, பள்ளி நூலகங்களிலிருந்து அகற்றும்படி கேட்டார்கள். 1990 முதல் 1999 வரை அந்நாட்டில் மிகுதியான ஆட்சேபணைக்குள்ளான புத்தகங்களின் பட்டியலை அமெரிக்க நூலகச் சங்கம் வெளியிட்டபோது, முதல் பத்துக்குள் இது இருந்தது. காரணங்கள்: கதாநாயகனான சிறுவன் ஆண்டவரின் நாமத்தை வீணாய் உச்சரிக்கிறான், சிறுவர்கள் காட்டுக்குள் ஒரு கற்பனை ராஜ்யத்தை உண்டாக்கி, அங்கே ஆவிகளை நோக்கிப் பேசுகிறார்கள், சிறுவர் கதையில் சாவு வருகிறது.

ஆட்சேபணை முழுவதும் பொய் என்று நான் சொல்லவில்லை. அந்தப் பகுதிகள் புத்தகத்தில் உள்ளன. சோலையின் ஆவிகளை அழைக்கும் பகுதி எனக்கும் உறுத்தியது. ஆனால் புத்தகம் எதைப் பற்றியது என்பது வேறு.

ஜெஸ் ஏழை வீட்டுப் பையன், பத்து வயது. பட்டணத்திலிருந்து பக்கத்து வீட்டுக்கு லெஸ்லி என்ற பெண் வருகிறாள். எழுத்தாளர்களான அவளுடைய பெற்றோர் ஆலயத்திற்குப் போகாதவர்கள். இருவரும் நண்பராகிறார்கள். ஓடைக்கு மேலே ஒரு கயிற்றைப் பிடித்து ஊஞ்சலாடி அக்கரைக்குப் போய், மரங்களின் நடுவே தங்கள் ராஜ்யத்தை அமைக்கிறார்கள். ஈஸ்டர் அன்று லெஸ்லி, ஜெஸ்ஸின் குடும்பத்தோடு ஆலயத்திற்கு வருகிறாள். சிலுவையின் சரிதையைப் புதிதாய்க் கேட்ட அவள் அதன் அழகில் வியந்துபோகிறாள். கேட்டுக் கேட்டுப் பழகிய பிள்ளைகளோ அதை ஒரு சுமையாய் உணர்கிறார்கள். இதை வாசித்தபோது எங்கள் ஞாயிறு பள்ளியின் பின்வரிசை என் கண்முன் நின்றது! திரும்பி வரும் வழியில் ஜெஸ்ஸின் சிறு தங்கை பயந்துபோய் லெஸ்லியைக் கேட்கிறாள்: நம்பாமலே நீ செத்துப்போனால் என்ன ஆகும்?

பிறகு ஒரு நாள் ஜெஸ், இசை ஆசிரியையுடன் வாஷிங்டன் நகரத்து அருங்காட்சியகத்தைப் பார்க்கப் போகிறான். லெஸ்லியையும் அழைக்கலாமா என்று ஆசிரியையிடம் கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. அன்றுதான் கயிறு அறுந்து, வெள்ளம் பெருகிய ஓடையில் விழுந்து லெஸ்லி இறந்துபோகிறாள். சில அத்தியாயங்களுக்கு முன்பு சிறுமி கேட்ட கேள்வி இப்பொழுது ஜெஸ்ஸின் வாயிலிருந்து தகப்பனிடம் வருகிறது.

புத்தகத்தை மூடியபின் முதற்பக்கத்தைப் பார்த்தேன். அதில் வேறொரு பிள்ளையின் பெயர் எழுதியிருந்தது. அடுத்த நாள் சகோதரிக்குத் தொலைபேசியில் அழைத்து அந்தப் பெயரைச் சொன்னேன். சற்று நேரம் மறுமுனையில் சத்தமில்லை.

"அது மாடி வீட்டுப் பிள்ளை, பிரதர். பாப்பாவோடு ஒன்றாம் வகுப்பிலிருந்து படித்தவள். மழைக்காலத்தில் டெங்கு வந்து இறந்துபோனாள். வேற்று மார்க்கத்துக் குடும்பம்..."

அவர்கள் மகளுடைய இரவு நேர அழுகையின் காரணம் அப்பொழுதுதான் எங்கள் இருவருக்கும் விளங்கிற்று. தோழி விட்டுச்சென்ற புத்தகம். தோழி இறந்துபோகும் கதை. அதற்குள் ஒரு கேள்வி. அந்தக் கேள்வியைத் தாயிடம் கேட்க அவளுக்குப் பயம்; என்னிடம் கேட்க இன்னும் அதிகப் பயம்.

எங்கள் போதகர் ஐயாவிடம் அவளை அழைத்துச் சென்றோம். அவள் நெடுநேரம் தரையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "நான் அவளுக்கு இயேசுவைப் பற்றி ஒரு தடவைகூடச் சொல்லவில்லை, ஐயா" என்றாள். பதின்மூன்று வயதுப் பிள்ளை இத்தனை மாதங்கள் தனியே சுமந்த பாரம் அது. ஐயா உடனே பதில் சொல்லவில்லை. "அந்தப் பிள்ளை எப்படி இருப்பாள், சொல்லம்மா" என்று கேட்டார். ஒரு மணி நேரம் தோழியைப் பற்றியே பேசவிட்டார். கடைசியில், நியாயத்தீர்ப்பு தேவனுடைய கரத்தில் இருக்கிறது, அவர் அதை உன் தோளில் வைக்கவில்லை என்று மாத்திரம் சொல்லி ஜெபித்தார்.

நாவலில் ஜெஸ்ஸின் தகப்பன் சொல்லும் பதில் வேறு. தேவன் சிறு பெண்களை நரகத்திற்கு அனுப்புகிறவரல்ல என்று அவர் ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறார். நம்மில் சிலருக்கு அது போதாத பதில். சிலருக்கு அதுவே ஆறுதல். எப்படியானாலும் உபதேசம் செய்யும் வேலையை நாவல் நமக்காகச் செய்யாது. பிள்ளையின் உள்ளத்தில் அடைபட்டுக் கிடக்கும் கேள்விக்கு அது வார்த்தை கொடுக்கிறது. அந்தப் புத்தகத்தை நான் எரிக்கச் சொல்லியிருந்தால், தோழியின் நினைவாக அவளிடம் மிஞ்சியிருந்த ஒரே பொருளையும் எரித்திருப்பேன்.

கட்டுக்கதை நமக்கு எதற்கு?

இப்படிக் கேட்கும் பெரியவர்கள் நம் சபைகளில் உண்டு. அவர்களை மதிக்கிறேன். ஆனால் அவர்களில் அநேகருடைய வீட்டு அலமாரியில் 'மோட்சப் பிரயாணம்' இருக்கிறது. திருமணத்திற்கும் ஞானஸ்நானத்திற்கும் பரிசாகக் கொடுக்கிறோம். அது முதலிலிருந்து கடைசிவரை கற்பனைக் கதைதானே! உத்தரவின்றிப் பிரசங்கித்ததற்காக 1660 முதல் பன்னிரண்டு ஆண்டுகள் பெட்ஃபோர்டு சிறையில் கிடந்த ஜான் பனியன் எழுதி, 1678-இல் வெளியிட்டது. அதை அச்சிடலாமா கூடாதா என்று பனியனுடைய நண்பர்களே இரு பிரிவாய் நின்றார்கள் என்பதை அவரே முன்னுரையில் சொல்லியிருக்கிறார். நம் நெல்லை மண்ணின் எச். ஏ. கிருஷ்ண பிள்ளை அதே கதையைத் தழுவித்தான் 'இரட்சணிய யாத்திரிகம்' என்னும் காவியத்தைப் பாடி, 1894-இல் வெளியிட்டார்.

அதற்கும் முன்னே நாத்தான் தீர்க்கதரிசி இருக்கிறார். தாவீது ராஜாவின் பாவத்தை நேராகச் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்குமோ! ஏழையின் ஆட்டுக்குட்டியைப் பற்றி ஒரு கதை சொன்னார். கதையின் அநியாயத்தைக் கேட்டுக் கோபித்த பிறகுதான், அந்த மனிதன் தானே என்று ராஜாவுக்குத் தெரிந்தது. நல்ல நாவல் வாலிபப் பிள்ளைகளிடம் செய்யும் வேலையும் ஏறக்குறைய இதுவே.

ஆயினும் "இளையோர்" என்ற பெயரைக் கண்டவுடன் நம்பிவிடவும் கூடாது. சாலையோரப் புத்தகக் கடைகளில் எல்லாவற்றையும் ஒன்றாய்க் கலந்து அடுக்கியிருப்பார்கள். கொலீன் ஹூவர் எழுதிய 'இட் எண்ட்ஸ் வித் அஸ்' போன்றவற்றை நம் பத்தாம் வகுப்புப் பெண்பிள்ளைகள் பையில் கொண்டுபோகிறார்கள். அது 2016-இல் பெரியவர்களுக்காக எழுதப்பட்ட நாவல். கணவன் மனைவியை அடிக்கும் கொடுமையைப் பற்றியது. கருப்பொருள் தீயதல்ல, ஆனால் படுக்கையறைக் காட்சிகள் உண்டு, பதினான்கு வயதுக்குரியதல்ல. என்னைக் கேட்டால் மந்திரக்கோல் வரும் கதைகளைவிட, பெண்ணை அடக்கி ஆளுகிறவனையே சிறந்த காதலனாகக் காட்டும் மலிவான காதல் கதைகள் ஆபத்தானவை. அவை இப்பொழுது கைபேசியில் இலவசமாகவே கிடைக்கின்றன.

சரி, எவற்றைக் கொடுக்கலாம்? நானும் என் மனைவியும் படித்துப் பார்த்தவற்றை மாத்திரம் சொல்கிறேன்.

நம்மைப்போல் இடம்பெயர்ந்த குடும்பங்களுக்கு நான் முதலில் சொல்வது தான்ஹா லாய் எழுதிய 'இன்சைட் அவுட் அண்ட் பேக் அகெய்ன்'. 2011-இல் வெளிவந்து, அவ்வாண்டே அமெரிக்க தேசியப் புத்தக விருதைப் பெற்றது. சிறு சிறு கவிதைகளாகவே எழுதப்பட்ட நாவல். பக்கத்திற்குச் சில வரிகள்தான் என்பதால், ஆங்கிலம் தடுமாறும் பிள்ளையும் முடித்துவிடும். 1975-இல் சைகோன் வீழ்ந்தபோது தாயோடும் மூன்று அண்ணன்மாரோடும் கப்பலேறி, அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் குடியேறும் ஹா என்னும் பத்து வயதுச் சிறுமியின் கதை. தன் ஊரில் கெட்டிக்காரியாய் இருந்தவள், புதிய மொழியில் வாய் திறக்க முடியாமல் வகுப்பில் முட்டாளாய் உட்காரும் வேதனையை இவ்வளவு தெளிவாய் வேறெங்கும் நான் வாசித்ததில்லை. விட்டுவந்த வீட்டின் பப்பாளி மரத்தை அவள் நினைத்துக்கொண்டேயிருக்கிறாள். நம்மவர்கள் ஊர் முருங்கையை நினைப்பதுபோல! நமக்கு உறுத்தும் இடம் ஒன்றும் உண்டு. அக்கம்பக்கத்தார் அந்தக் குடும்பம் ஞானஸ்நானம் பெற்ற பிறகுதான் சிரித்துப் பேசுகிறார்கள். நம் தெருவுக்குப் புதிதாய் வரும் வடநாட்டுத் தொழிலாளியின் குடும்பத்தோடு நாம் எப்படிப் பேசுகிறோம் என்று எங்கள் வாலிபர் கூட்டத்தில் இதை வைத்துப் பேசினோம். அன்றைய கூட்டம் சீக்கிரம் முடியவில்லை.

பதினான்கு வயதுக்கு மேற்பட்ட பையன்களுக்கு எஸ். ஈ. ஹின்டனின் 'தி அவுட்சைடர்ஸ்'. இதை எழுதத் தொடங்கியபோது அவருக்கு வயது 15. 1967-இல் அச்சேறியபோது 18. பெண் எழுதியது என்றால் விமர்சகர்கள் அலட்சியப்படுத்துவார்கள் என்று முதலெழுத்துக்களை மாத்திரம் போட்டார்கள். பெற்றோரை இழந்த மூன்று சகோதரர்கள், வசதியான பகுதிப் பையன்களுக்கும் இவர்கள் பகுதிப் பையன்களுக்கும் நடக்கும் சண்டை, அதில் ஒரு கொலை. புகையும் கத்தியும் உண்டு, மறைக்கவில்லை. ஆனால் கைவிடப்பட்ட ஓர் ஆலயத்தில் ஒளிந்திருந்த பையன்கள், அது தீப்பற்றியபோது உள்ளே அகப்பட்ட பிள்ளைகளைக் காப்பாற்ற நெருப்புக்குள் பாயும் காட்சியை ஒரு பையனும் மறக்கமாட்டான். லிங்கராஜபுரத்து ஒற்றை அறை வீட்டிலிருந்து புறப்பட்டு, காரில் வந்திறங்கும் பிள்ளைகளோடு ஒரே வகுப்பில் உட்காரும் மகனுக்கு இக்கதை புரியும்.

தமிழில் இல்லையா என்று கேட்பீர்கள். உண்டு, ஆனால் இங்கே ஒரு சங்கடம். நம் பிள்ளைகள் தமிழ் பேசுகிறார்கள்; பள்ளியில் கன்னடமும் ஆங்கிலமும் இந்தியும் படிப்பதால் தமிழ் எழுத்துக் கூட்டத் தெரியாதவர்கள் அநேகர். வேதாகமத்தையே ஆங்கிலத்தில் வைத்துக்கொண்டு தமிழ்ப் பிரசங்கம் கேட்கிறார்கள். ஆகவே தமிழ்ப் புத்தகத்தைப் பெற்றோர் வாசித்துக் காட்டவேண்டும். யெஸ். பாலபாரதியின் 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்' 2020-ஆம் ஆண்டின் பால சாகித்திய புரஸ்கார் பெற்றது. தவறான தொடுதலைப் பற்றிப் பிள்ளையிடம் எப்படிப் பேசுவது என்று தவிக்கும் தாய்க்கு அது ஒரு துணை. உதயசங்கரின் 'ஆதனின் பொம்மை' கீழடியைக் களமாகக் கொண்டது; 2023-இல் அதே விருதைப் பெற்றது. இரா. நடராசனின் 'ஆயிஷா' மிகச் சிறியது, ஒரே அமர்வில் முடியும். கேள்வி கேட்டதற்காக அடிபட்டு, அடி வலிக்காமலிருக்க மருந்து தேடி உயிரை இழக்கும் மாணவியின் கதை. அதைப் பிள்ளை தனியே வாசிக்கக் கொடுக்காதீர்கள், கூட உட்காருங்கள். நாவல் அல்ல, ஆனாலும் ஜப்பானிய டெட்சுகோ குரோயனாகியின் பள்ளி நினைவுகளான 'டோட்டோ-சான்' தமிழிலும் கிடைக்கிறது. பழைய ரயில் பெட்டிகளை வகுப்பறைகளாக்கிய தலைமையாசிரியரைப் பற்றி வாசித்துவிட்டு, ஞாயிறு பள்ளி ஆசிரியர்களான நாங்கள் இருவரும் சற்று நேரம் பேசாமலிருந்தோம்.

கன்னடத்தையும் மறக்க வேண்டாம். நமக்கு அப்பம் கொடுக்கும் மண்ணின் மொழி அது. பூர்ணசந்திர தேஜஸ்வியின் 'கர்வாலோ' 1980-இல் வந்த நாவல். பறக்கும் ஓணான் ஒன்றைத் தேடி மேற்குத் தொடர்ச்சி மலைக் காட்டுக்குள் போகும் விஞ்ஞானி, அவருக்கு வழிகாட்டும் படிக்காத கிராமத்தானாகிய மந்தண்ணன். மதிப்பெண்ணுக்காக மாத்திரம் கன்னடம் படிக்கும் உயர்நிலைப் பள்ளிப் பிள்ளையிடம் கொடுத்துப் பாருங்கள்.

விலை கொடுத்து வாங்க இயலாதவர்களுக்கு இந்நகரம் கருணையுள்ளதே. சர்ச் தெருவிலும் அவென்யூ சாலையிலும் பழைய புத்தகங்கள் கிடைக்கும். கப்பன் பூங்காவின் சிவப்புக் கட்டடத்தில் மாநில மத்திய நூலகம் இருக்கிறது. அல்சூர் ஏரியருகே பெங்களூர்த் தமிழ்ச் சங்கத்தில் தமிழ் நூலகம் உண்டு. ஒரு சனிக்கிழமை பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு போய்வாருங்கள். பதினைந்து வயதென்றால் கையை விட்டுவிட்டுப் பக்கத்தில் நடந்து போங்கள்.

"எனக்கு இங்கிலீஷ் தெரியாதே, எப்படிச் சோதித்துப் பார்ப்பேன்?" என்று அந்தச் சகோதரி கேட்ட கேள்விக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. அவருக்குச் சொன்னதையே இங்கும் எழுதுகிறேன். இரவு சாப்பாட்டுக்குப் பின், குடும்ப ஜெபத்திற்கு முன், இருபது நிமிஷம். அன்றைக்குப் படித்த அத்தியாயத்தை மகள் தமிழில் தாய்க்குக் கதையாகச் சொல்லவேண்டும். அவ்வளவே. நீங்கள் கேள்வி கேட்கலாம், பிரசங்கம் செய்யக்கூடாது. பிள்ளை எந்த இடத்தில் தயங்குகிறாள், எதைத் தாண்டிப் போகிறாள் என்று தாய்க்குத் தெரியாமல் போகாது. அவளுடைய தமிழும் வளரும்.

புத்தகத்தை நான் திருப்பிக் கொடுத்துவிட்டேன். மகள் அதை முதலிலிருந்து மறுபடியும் தொடங்கி, அம்மாவுக்குச் சொல்லிக்கொண்டு வருகிறாள். சென்ற ஞாயிறு காணிக்கைப் பெட்டியருகே சகோதரி என்னை நிறுத்தினார்.

"கயிறு அறுகிற இடத்துக்கு வந்துவிட்டோம், பிரதர். நேற்று இராத்திரி அவளே புத்தகத்தை மூடிவிட்டாள். 'நாளைக்குச் சொல்கிறேன் அம்மா, நீங்களும் கூட இருங்கள்' என்றாள். இன்றைக்கு ஓவர்டைம் வேண்டாம் என்று கம்பெனியில் சொல்லிவிட்டேன்."